ஆம்புலன்ஸ் இல்லாமல் ஓட மாட்டோம் என்றோம்: அதற்கு ஆன செலவு

தம்பி ஓட்டவேண்டிய காரை ஸ்டார்ட் லைனில் நிறுத்திவிட்டு, சாவியை நான் எடுத்துக்கொண்டேன். அந்த நேரம் மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை, அதுதான் காரணம். அதற்குக் கிடைத்தது என்னவென்றால் ரிசல்ட் தாளில் பெயர் இல்லை, அபராதம், கட்டிய புகார்க் கட்டணமும் போச்சு. ஊருக்குத் திரும்பினால் "பொம்பளப் பிள்ளைய டீம் நடத்த விட்டா இப்படித்தான்" என்று ஒரு பேச்சு. எல்லாம் சேர்த்து 74,000 ரூபாய் செலவு. யாரையும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கிளப்பின் பெயரோ ரேஸ் நடந்த ஊரின் பெயரோ இதில் வராது. மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் பக்கமிருந்து ஆட்டோகிராஸ், ஸ்பிரிண்ட் என்று நேரம் பார்க்கும் கார் பந்தயங்களுக்குப் பையன்கள் கிளம்புகிறார்கள். காரை எப்படித் தயார் செய்வது என்று சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. பாதுகாப்பு விஷயத்தில் நடத்துகிறவர்களோடு முட்டிக்கொள்ள வேண்டி வந்தால் என்ன செய்வது, யாரிடம் எழுதிக் கொடுப்பது, எத்தனை நிமிடம் இருக்கிறது என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

எங்கள் வீடு மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் நடுவில். அப்பா தொடங்கிய வொர்க்ஷாப்பை அவருக்குப் பிறகு நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். ஸ்பேனர் அவன் கையில், கணக்கு நோட்டு என் கையில். ஜிஎஸ்டி என் பெயரில் இருப்பதால் ரேஸுக்கும் என்ட்ரன்ட் என்று என் பெயரையே போட்டோம். வெறும் காகித வசதிக்காகச் செய்தது, ஆனால் பிறகு இதுதான் உதவியது. ரேஸ் விதிகளில் ஓட்டுகிறவர் வேறு, காரைப் போட்டியில் இறக்குகிறவர், அதாவது என்ட்ரன்ட், வேறு. சின்ன டீம்களில் இரண்டும் ஒரே ஆளாக இருப்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. புகார் கொடுக்கும் உரிமை என்ட்ரன்ட்டுக்குத்தான். டிரைவரோ, அவருடைய மெக்கானிக்கோ, அப்பாவோ போய் எவ்வளவு சத்தம் போட்டாலும் அது கணக்கில் வராது. ஆகவே படிவத்தில் என்ட்ரன்ட் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அந்த ஆள் கண்டிப்பாக மைதானத்தில் இருக்க வேண்டும். ஸ்பான்சரை மகிழ்விக்க அவர் பெயரைப் போட்டுவிட்டு அவர் நாகர்கோவிலில் கடையில் உட்கார்ந்திருந்தால் உங்களுக்காகக் கையெழுத்துப் போட ஆள் கிடையாது.

நம் குமரி மாவட்டத்தில் ரேஸ் டிராக் கிடையாது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சென்னை டிராக் இருக்கிறது. இரண்டும் நமக்கு ஒரு ராத்திரிப் பயணம். அதனால் நம் பையன்கள் பெரும்பாலும் போவது கிளப்புகள் மைதானத்திலோ தோட்டத்திலோ தற்காலிகமாக அமைக்கும் மண் டிராக்குகளுக்கு. நாங்கள் போனதும் அப்படி ஒன்றுதான். மலையடிவாரம், செம்மண், ஒரு கார் ஓடி முடித்தபின் அடுத்த கார். இரண்டு ரன், இரண்டின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து முடிவு.

காலையில் ஸ்க்ரூட்டினி, அதாவது காரும் சாமான்களும் விதிப்படி இருக்கிறதா என்ற பரிசோதனை. எங்களுடையது பழைய மாருதி எஸ்டீம் கார். கார் உருண்டால் ஆளைக் காக்கும் இரும்புக் கூடான ரோல் கேஜ் எங்கள் வொர்க்ஷாப்பிலேயே வளைத்து வெல்டு செய்தது. அதில்தான் கேள்வி வரும் என்று தம்பி பயந்தான். பரிசோதகர் கேஜைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு காருக்குள் தலையை விட்டு சீட் பெல்ட் ஹார்னஸின் லேபிளைத் திருப்பிப் பார்த்தார். அதில் அச்சிட்ட வருடம் போன டிசம்பரோடு முடிந்திருந்தது. பார்க்கப் புத்தம்புதுசு மாதிரி இருக்கும் பெல்ட், ஆனால் முடியாது என்றார். டீம்கள் காரை நிறுத்தும் இடமான பேடாக்கில் பாகங்கள் விற்கும் ஒரு கடைக்காரரிடம் 19,500 ரூபாய்க்குப் புதுசு வாங்கி மாட்டினோம். எனக்கு அந்தப் பரிசோதகர் மேல் கோபம் இல்லை. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் தரச்சான்றுள்ள ஹார்னஸில் எந்த வருடம் வரை செல்லும் என்று லேபிளிலேயே இருக்கும். தயாரித்த வருடத்துக்குப் பிறகு 5 வருடம். வெயிலும் வேர்வையும் பட்டால் அந்த நாடா கண்ணுக்குத் தெரியாமல் வலு இழக்கும். நம் ஊர் உப்புக் காற்றில் பக்கிளும் கம்பியும் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். பழைய சாமான் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சீட்டுக்கும் இதே போலக் கெடு உண்டு. ஹெல்மெட்டில் இன்னொரு வம்பு: பைக்குக்குப் போடும் ஐஎஸ்ஐ ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு கார் ரேஸுக்கு வருகிறவர்கள் இன்றும் உண்டு. கார் ரேஸ் ஹெல்மெட்டின் உள்துணி தீப்பிடிக்காததாக இருக்க வேண்டும். ஸ்னெல் என்ற ஹெல்மெட் பாதுகாப்புச் சான்றில் எஸ்ஏ என்று தொடங்குவதுதான் கார் ரேஸுக்கு, எம் என்று தொடங்குவது பைக்குக்கு.

இந்தக் கண்டிப்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெல்ட்டில் வருடம் பார்த்தவர்களைப் பற்றித்தான் மேலே சொல்லப்போகிறேன்.

ஸ்க்ரூட்டினி முடிந்ததும் டிராக்கை நடந்து பார்க்க விட்டார்கள். நிறைய டீம்களில் டிரைவர் மட்டும் போவார். நானும் போனேன். கடைசி நேர்ப்பாதை முடிந்து இடப்பக்கம் திரும்பும் வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரு பழைய வேலிக்கல். அதற்கு முன்னால் டயர்கள், ஒன்றோடொன்று கட்டாமல் சும்மா அடுக்கியவை. கட்டாத டயர் அடுக்கு கார் மோதியதும் நாலாபக்கமும் பறக்கும், தடுக்காது. அதற்குப் பின்னால் ரிப்பன் கட்டி, ஆட்கள் நின்று பார்க்க இடம். கார் வழுக்கினால் நேராகப் போகும் பக்கம் அது. 1986 போர்ச்சுகல் ராலியில் கார் கூட்டத்துக்குள் புகுந்து பார்வையாளர்கள் இறந்தபோது, பெரிய கம்பெனி டீம்களின் டிரைவர்கள் ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போட்டு ராலியிலிருந்தே விலகினார்கள். அதைப் படித்திருந்ததால் எனக்கு அந்த இடத்தில் வயிற்றைக் கலக்கியது. போட்டியின் தலைமைப் பொறுப்பாளரான கிளார்க் ஆஃப் தி கோர்ஸிடம் போய்ச் சொன்னேன். "பாத்துக்கலாம் மேடம்" என்றார். அப்புறம், "வீட்டுக்காரர் வரலியா?" என்றும் கேட்டார். பார்வையாளர் ரிப்பனை மட்டும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார்கள். கல் அங்கேயே நின்றது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். வாயால் சொன்னது சொன்னதாகவே கணக்கில்லை. ஒரு தாளில் இரண்டு வரி எழுதி, போட்டோவோடு கொடுத்து, இன்னொரு நகலில் 'பெறப்பட்டது' என்று நேரம் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். டீம்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பதிவாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். போட்டியின் அதிகாரபூர்வ அறிவிப்புப் பலகை எது என்று விதித்தாளில் இருக்கும், அதில் ஒட்டுகிற புல்லட்டினுக்கும் அதிகாரிகள் கையில் கொடுக்கிற தாளுக்கும்தான் மதிப்பு.

முதல் ரன்னில் தம்பி நன்றாக ஓட்டினான், எங்கள் பிரிவில் மூன்றாவது நேரம். எங்களுக்குக் கொஞ்சம் பின்னால் ஓடிய ஒரு கார் வேறொரு வளைவில் உருண்டது. டிரைவர் தானே இறங்கி நின்றார், ஆனால் தோளைப் பிடித்துக்கொண்டு முகம் வெளுத்திருந்தது. இருந்த ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சரியான முடிவு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டி மறைந்தது. கவிழ்ந்த காரை இழுத்து ஓரம் போட்டார்கள். உடனே அடுத்த காரைக் கூப்பிட்டார்கள். முதலில் எனக்குப் புரியவே இல்லை. இன்னொரு ஆம்புலன்ஸ் எங்கேயாவது நிற்கிறதோ என்று மைதானத்தைச் சுற்றிப் பார்த்தேன். இல்லை. 2023-ல் சென்னை டிராக்கில் ஜனவரியில் ஒரு மூத்த டிரைவரும் ஆகஸ்டில் 13 வயது பைக் ரைடர் ஒருவனும் விபத்தில் இறந்தார்கள். பயிற்சி பெற்ற ஆட்களும் முழு ஏற்பாடும் உள்ள டிராக்கிலேயே சில நேரம் காப்பாற்ற முடிவதில்லை. இங்கே டவுன் ஆஸ்பத்திரிக்கு வளைந்து வளைந்து போகிற மலைப்பாதை.

இரண்டாவது ரன் தொடங்கியது. எங்கள் முறை வந்தபோது கார்களைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டரிடம் ஆம்புலன்ஸ் வந்துவிட்டதா என்று கேட்டேன். "வந்துக்கிட்டே இருக்கு." வரட்டும், அப்புறம் ஓடுகிறோம் என்றேன். அது அவர் கையில் இல்லை, முறை தவறினால் டிஎன்எஸ் என்று எழுதிவிடுவேன் என்றார், அதாவது ஸ்டார்ட் செய்யவில்லை என்று. தம்பி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினான்: "எக்கா, நீ தள்ளிக்க. ஓட்டப்போறது நான்தான?" நான் கையை விட்டுச் சாவியை எடுத்துவிட்டேன். எங்களுக்கு அப்பா காலத்திலிருந்து இருக்கும் மேஸ்திரி அண்ணன் மெதுவாக என் பக்கத்தில் வந்து சொன்னார்: "மக்களே, கிளட்சு போச்சுன்னு சொல்லிருவோம். காரத் தள்ளிக்கிட்டுப் போவோம். ஒரு பிரச்சினையும் வராது." அவர் சொன்னதில் புத்தி இருந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அபராதம் மிச்சம். 1976-ல் ஜப்பானின் ஃபுஜியில் கொட்டுகிற மழையில் ஃபார்முலா 1 டிரைவர் நிக்கி லாடா இரண்டு சுற்றோடு காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அவருடைய ஃபெராரி டீம் ஆட்களும் இதையேதான் சொன்னார்களாம், என்ஜின் கோளாறு என்று அறிவித்துவிடலாம் என்று. அவர் வேண்டாம் என்றார். அந்த வருட உலகப் பட்டம் ஒரே ஒரு புள்ளியில் ஜேம்ஸ் ஹன்ட்டுக்குப் போனது. நான் லாடா இல்லை. ஆனால் கிளட்ச் போச்சு என்று எழுதிக் கொடுத்தால், ஆம்புலன்ஸ் இல்லை என்று நான் பின்னால் பேசவே முடியாது என்பது மட்டும் அந்த நேரத்தில் தெரிந்தது.

கார் ஓரம் போனதும் மற்ற டீம்காரர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா செஞ்சது சரி." "நாங்களும் கூட நிக்கிறோம்." ஐந்து டீம் சேர்ந்து ஒரே கடிதம் எழுதினோம், ஐந்து என்ட்ரன்ட்டும் கையெழுத்து. தற்காலிக ரிசல்ட்டை 4.50-க்குப் பலகையில் ஒட்டினார்கள். நாங்கள் கடிதத்தோடு செயலாளரின் கூடாரத்துக்குப் போனபோது 5.05. அவர் வாங்கவில்லை. கூட்டாகப் புகார் கொடுக்க விதியில் இடமில்லை, ஒவ்வொருவரும் தனித்தனியாக, தனித்தனிக் கட்டணத்தோடு தர வேண்டும் என்றார். உண்மைதான், எஃப்ஐஏ-வின் சர்வதேச விளையாட்டு விதித்தொகுப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஒரே புகாரில் பல போட்டியாளர் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. போட்டியில் நடந்த முறைகேடு பற்றிய புகார் தற்காலிக ரிசல்ட் ஒட்டியதிலிருந்து 30 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். எங்களுக்கு மிச்சம் 15 நிமிடம். கட்டணம் ஆளுக்கு 10,000 ரூபாய், ரொக்கமாக. அந்த மைதானத்தில் நெட்வொர்க் கிடையாது, ஜிபே ஓடாது. ஐந்து பேரில் நான்கு பேர் அங்கேயே நழுவினார்கள். ஒருவருக்கு போன் வந்தது, ஒருவருக்கு லாரிக்காரர் அவசரப்படுத்தினார். நான் பர்ஸைத் துழாவி, மேஸ்திரி அண்ணனிடம் இருந்ததை வாங்கி, கேட் பக்கம் சாயாக் கடை போட்டிருந்தவரிடம் 3,000 கைமாற்று வாங்கி, தாளை மாற்றி எழுதி 5.18-க்குக் கொடுத்தேன். முகம் தெரியாத எனக்கு அந்தச் சாயாக் கடைக்காரர் எப்படிக் கொடுத்தார் என்று இப்போதும் ஆச்சரியம்தான். ரேஸுக்குப் போகும்போது புகார்க் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே விதித்தாளில் பார்த்து, அந்தப் பணத்தைத் தனி உறையில் எடுத்துக்கொண்டு போங்கள். செலவாகாமல் திரும்பி வந்தால் நல்லது.

போட்டியில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரிகளான ஸ்டூவர்டுகள் மூன்று பேர் விசாரித்தார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். நான் எடுத்த போட்டோக்களில் நேரம் இருந்தது, ஆம்புலன்ஸ் போனதையும் கார்கள் தொடர்ந்து ஓடியதையும் யாரும் மறுக்கவில்லை. கிளப் தரப்பில் சொன்னது இதுதான்: மைதானத்தில் ஒரு டாக்டர் இருந்தார், ஸ்ட்ரெச்சர் போடக்கூடிய ஒரு ஜீப் இருந்தது, அது மாற்று ஏற்பாடு. போட்டியின் விதித்தாளை எடுத்துப் பார்த்தால், போதுமான மருத்துவ ஏற்பாடு இருக்கும் என்று ஒரு வரி, அவ்வளவுதான். எத்தனை ஆம்புலன்ஸ், ஒன்று போனால் ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா, எதுவும் இல்லை. விதி மீறப்படவில்லை, புகார் தள்ளுபடி, கட்டணம் திரும்பாது. ஸ்டார்ட் லைனைத் தாமதப்படுத்தியதற்கு 5,000 அபராதம். மேல்முறையீடு செய்வதானால் ஒரு மணி நேரத்துக்குள் எழுதித் தர வேண்டும், அதற்குக் கட்டணம் பல மடங்கு. என்னிடம் லாரிக்காரருக்குக் கொடுக்கவே பணம் குறைவாக இருந்தது.

எனக்கு அழுகை வந்தது அபராதத்துக்காக இல்லை. பெல்ட்டில் வருடம் அச்சிட வேண்டும் என்று விதி எழுதத் தெரிந்த விளையாட்டு, ஆம்புலன்ஸுக்கு ஒரு எண் எழுதவில்லை. டீம் பக்கம் எல்லாவற்றுக்கும் தேதி, அளவு, முத்திரை. நடத்துகிறவர்கள் பக்கம் 'பார்த்துக்கலாம்'. மேலே உச்சத்தில் இப்படி இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். 2020 அக்டோபரில் ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங்கில் வெள்ளிக்கிழமை பயிற்சி இரண்டும் ரத்தானது. மூடுபனியில் மருத்துவ ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை, ஆகவே ஒரு ஃபார்முலா 1 கார்கூட வெளியே வரவில்லை. மிக் ஷூமாக்கர் முதன்முதலாக ஃபார்முலா 1 பயிற்சியில் ஓட்ட இருந்த நாள் அது. அவரும் சும்மா உட்கார்ந்திருந்தார். சென்னையில் 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவு ரேஸ் வைத்தபோது, எஃப்ஐஏ சான்று வந்தால்தான் கார் ஓட வேண்டும் என்று ஐகோர்ட்டே கெடு வைத்தது. சனிக்கிழமை சான்று தாமதமானதால் நிகழ்ச்சிகள் தள்ளிப்போயின. அன்று எல்லோரும் கேலி செய்தார்கள். எனக்கு அது கேலியாகத் தெரியவில்லை, காகிதம் வரும்வரை காரை நிறுத்தி வைத்தார்களே என்றுதான் தோன்றியது.

திரும்பும்போது தம்பி பேசவே இல்லை. காவல்கிணறு தாண்டிச் சாயா குடிக்க நிறுத்திய இடத்தில்தான் வாயைத் திறந்தான். ஆரல்வாய்மொழிக் காற்று டம்ளரைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. "2005ல இந்தியானாபோலிஸ் ஃபார்முலா 1 ரேஸ்ல பதினாலு கார் ஓடாம நின்னுச்சே, நின்னவனுக்கு என்ன கெடச்சுது? ஓடுன நரேன் கார்த்திகேயன் நாலாவது வந்தாரு. இந்தியாவுக்கு மொத பாயிண்டு. நீ அன்னைக்கு அங்க இருந்தா நரேன் சாவியையும் புடுங்கிருப்ப." மேஸ்திரி அண்ணன் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அந்தக் கதையை முழுதாகப் படித்தேன். நம் சண்டைக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா 13-ஆம் வளைவில் டயர் போய்ச் சுவரில் மோதியது. சாய்வான வேகமான வளைவு அது. தங்கள் டயர் அந்த வேகத்தைத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று மிஷ்லின் கம்பெனியே டீம்களுக்கு எழுதிக் கொடுத்தது. மிஷ்லின் போட்டிருந்த டீம்கள் 7. அந்த வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்க ஒரு சிக்கேன், அதாவது நெளிவான தடுப்பு வளைவு, வையுங்கள் என்று கேட்டார்கள். எஃப்ஐஏ மறுத்தது. சரியான டயரோடு வந்தவர்களை எதற்குத் தண்டிக்க வேண்டும், உங்களுக்குப் பயமென்றால் அந்த வளைவில் மெதுவாகப் போங்கள் என்பது அவர்கள் வாதம். ஞாயிற்றுக்கிழமை ஜூன் 19, ரேஸுக்கு முந்தைய பார்மேஷன் சுற்று முடிந்ததும் 14 கார்கள் டீம்கள் இருக்கும் பிட்டுக்குள் திரும்பின. ஃபெராரி, ஜோர்டான், மினார்டி என்று பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. நம் நரேன் கார்த்திகேயன் ஜோர்டானில் 4-வது. அவர் காரில் இருந்தது பிரிட்ஜ்ஸ்டோன், அந்த வளைவில் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆகவே அவர் சாவியை நான் தொட்டிருக்க மாட்டேன், தம்பி!

நின்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் அதில் இருக்கிறது. எஃப்ஐஏ அந்த 7 டீம்களையும் கூப்பிட்டு ஜூன் 29-ல் இரண்டு குற்றச்சாட்டில் தவறு என்று தீர்ப்புச் சொன்னது. ஜூலை 22-ல் அதே அமைப்பே அதை ரத்து செய்தது. டிக்கெட் வாங்கியவர்களுக்கு மிஷ்லின் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த வருட ரேஸுக்கு 20,000 டிக்கெட்டையும் வாங்கிக் கொடுத்தது. டீம்கள் தப்பித்ததற்கு அடிப்படை, ஓடுவது பாதுகாப்பில்லை என்று டயர் கம்பெனி எழுதிக் கொடுத்த காகிதம் என்பது என் அபிப்பிராயம். எங்களிடம் அப்படி ஒரு காகிதம் இல்லை. ஆம்புலன்ஸ் எத்தனை என்று முன்கூட்டிக் கேட்டு வாங்கிய பதில் ஒன்று இருந்திருந்தால், ஸ்டூவர்டுகள் அதை வைத்துப் பேசியிருக்க வேண்டி வந்திருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு, மிரட்டலுக்குப் பயந்து ரேஸில் இறங்கிவிடுவது. 1975-ல் பார்சிலோனாவின் மோன்ட்ஜுயிக்கில் நடந்த ஃபார்முலா 1 ரேஸில் இரும்புத் தடுப்புகளில் போல்ட்டுகள் ஒழுங்காக முறுக்கவில்லை என்று டிரைவர்கள் ஓட மறுத்தார்கள். டீம் மெக்கானிக்குகளே ஸ்பேனரோடு போய் முறுக்கினார்கள். ஓடாவிட்டால் கார்களைப் பறிமுதல் செய்வோம் என்ற மிரட்டல் வேறு. உலகச் சாம்பியன் எமர்சன் ஃபிட்டிபால்டி மெதுவாகச் சில சுற்று ஓட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். மற்றவர்கள் ஓடினார்கள். முன்னால் போய்க்கொண்டிருந்த ரோல்ஃப் ஸ்டோமெலனின் காரில் பின்இறக்கை உடைந்து, கார் தடுப்பைத் தாண்டிப் பறந்தது. அந்தப் பக்கம் நின்றவர்கள் இறந்தார்கள். ரேஸைப் பாதியில் நிறுத்தி எல்லோருக்கும் பாதிப் புள்ளி கொடுத்தார்கள். அதில் 6-வதாக வந்த லெல்லா லோம்பார்டிக்கு அரைப் புள்ளி. ஃபார்முலா 1 உலகப் போட்டியில் புள்ளி எடுத்த ஒரே பெண் இன்றுவரை அவர்தான், அதுவும் இப்படி ஒரு நாளில்.

கிளப்பின் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். டிராக் ஓரம் நின்று கொடி காட்டிப் பார்த்துக்கொள்ளும் மார்ஷல்கள் பாதிப் பேர் சும்மா ஆர்வத்தில் வருகிறவர்கள். ஸ்பான்சர் இல்லாமல் நடத்துவதில் கைநஷ்டம். ஒரு நாள் முழுக்க இரண்டாவது ஆம்புலன்ஸை வாடகைக்கு நிறுத்துவது சின்னச் செலவில்லை. எல்லாம் புரிகிறது. ஆனால் ஒரு ஆம்புலன்ஸ்தான் முடியும் என்றால், அது திரும்பும்வரை காரை நிறுத்தி வைப்பதற்குக் காசு ஆகாதே. நாங்கள் காத்திருந்திருப்போம். சாயாக் கடைக்காரருக்காவது வியாபாரம் ஆகியிருக்கும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். லாரி வாடகை 24,000, நுழைவுக் கட்டணம் 6,500, பெல்ட் 19,500, ரூமும் சாப்பாடும் 9,000, புகார்க் கட்டணம் 10,000, அபராதம் 5,000. பெல்ட் மட்டும் கையில் மிச்சம். டயர் ரீட்ரேடிங் கடைக்காரர் ஒருவர் காரில் பெயர் போடப் பணம் தருவதாக இருந்தார், 'சண்டைபோடுற டீம்' என்று கேள்விப்பட்டு ஒதுங்கிவிட்டார். இதில் இன்ஷூரன்ஸ் என்று நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் சாதாரண வாகனப் பாலிசியை எடுத்துப் பாருங்கள், ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை எல்லாம் விலக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். காருக்கு ஒரு பைசா வராது. ஆளுக்கான விபத்துப் பாலிசிகளிலும் பெரும்பாலும் பந்தயம் விலக்குதான். எது நடந்தாலும் நடத்துகிறவர்கள் பொறுப்பில்லை என்று கையெழுத்துப் போடச் சொல்லும் இன்டெம்னிட்டி தாளைப் படித்துவிட்டு, போட்டிக்கு என்ன காப்பீடு, ஆளுக்கு எவ்வளவு, யாரிடம் கோருவது என்று கேட்டு நகல் வாங்குங்கள். கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

தம்பி ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு வழக்கம்போல் ஆகிவிட்டான். அவன் சொல்வதில் நியாயம் உண்டு: ஓட்டுகிறவன் அவன், உயிரும் அவனுடையது, முடிவை நான் எடுத்தது அவனுக்கு அவமானம். அதனால் இப்போது வீட்டில் ஒரு ஏற்பாடு. எந்தச் சூழ்நிலையில் கார் ஓடாது என்று ரேஸுக்கு முன்பே இருவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறோம். ஸ்டார்ட் லைனில் வாக்குவாதம் கிடையாது. அந்தத் தாளில் அவனே ஒரு வரி சேர்த்தான், டயர் கட்டாத தடுப்பு என்று.

அடுத்த போட்டி வேறொரு கிளப்புடையது. படிவத்தை அனுப்பும் முன் மூன்று கேள்வி எழுதி இமெயில் போட்டேன். எத்தனை ஆம்புலன்ஸ் நிற்கும்? ஒன்று வெளியே போனால் ஓட்டம் நிற்குமா? எந்த ஆஸ்பத்திரியோடு பேசி வைத்திருக்கிறீர்கள்? முதலுக்கும் மூன்றாவதுக்கும் பதில் வந்துவிட்டது, இரண்டு ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரியின் பெயர், எல்லாம் தெளிவாக. இரண்டாவது கேள்விக்கு 'கமிட்டியில் வைக்கிறோம்' என்று எழுதியிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை. பணத்தை எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.